பாசிக்குள் ஒளிந்த நீலம்

கோடையில் திருவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்தையோ இராஜபாளையத்துக் கண்மாய்களையோ காண்போர், "தண்ணீர் பாசி பிடித்துவிட்டது" என்று முகம் சுளிப்பதுண்டு. அப்பாசி இனங்களில் சிலவற்றின் பச்சைக்குள்ளே நீலமும் மஞ்சளும் மறைந்துள்ளன என்றால் நண்பர்கள் வியப்படையக் கூடும்.

ஆடிப்பூரத் தேரின்போது சிறுவர்கள் உண்ணும் மிட்டாயின் நிறம் எங்கிருந்து வருகிறது? பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் இருப்பது கண்டு, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. துணிக்கு ஏற்றது குடலுக்கு ஏற்றதாகுமா? (நம் பால்கோவாவுக்கு எந்தச் சாயமும் வேண்டுவதில்லை என்பது தனிப் பெருமை!)

எங்கள் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டது சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா. குளத்துப் பாசி இதற்கு ஆகாது. அதில் நச்சு இனங்களும் கலந்திருக்கும். லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட் கலந்த ஊடகத்தில் இதனை வளர்க்கிறோம். அக்காரத்தன்மையில் வேற்றுயிர்கள் எளிதில் நுழையா. இழை வடிவப் பாசியாதலின் துணியிலேயே வடிகட்டலாம். ஆனால் நம் பக்கத்துப் பேண்டேஜ் துணி உதவாது, அதன் கண்கள் பெரியவை. நெருக்கமாக நெய்த துணி வேண்டும்.

வடித்த விழுதைப் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் கலந்து, உறைய வைத்து, உருக வைத்து, மீண்டும் உறைய வைக்கிறோம். பனிப்படிகங்கள் செல்களைக் கிழிக்க, நீரில் கரையும் பைக்கோசயனின் வெளியேறுகிறது. மையவிலக்கியில் சுழற்றினால் மேலே தெளிந்த நீலம். அடியில் பச்சை வண்டல். அவ்வண்டலில் அசிட்டோனை ஊற்றினால் பச்சையமும் கரோட்டினாய்டுகளும் கரைந்து வரும். நீரில் கரையாதது அசிட்டோனில் கரைகிறது. பிரித்தலின் சூட்சுமம் இவ்வளவே. நீலக் கரைசலை வெயிலில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள், செந்நிறமாக ஒளிரும்!

ஒளிமானியில் 620 நானோமீட்டர் அளவிலிருந்து, 652-இல் கிடைத்த அளவின் 0.474 பங்கைக் கழித்து, 5.34-ஆல் வகுத்தால் ஒரு மில்லி லிட்டரில் எத்தனை மில்லிகிராம் நிறமி என்பது கிட்டும். 620 அளவை 280 அளவால் வகுத்து வருவது தூய்மை. உணவுத் தரத்திற்கு 0.7 போதும்.

அமெரிக்காவில் 2013-இல் மிட்டாய்க்கும் சூயிங்கத்திற்கும் இந்நீலம் அனுமதி பெற்றது. எனினும் இது புரதம். ஏறத்தாழ 45 டிகிரி செல்சியசுக்கு மேல் வெளிறத் தொடங்கும். எனவே கொதிக்கும் பாகில் கலந்தால் பயனில்லை. ஐஸ்கிரீமுக்கும் ஆறிய பின் பூசும் மேற்பூச்சுக்கும் பொருந்தும். ஒளியும் இதற்குப் பகை. ஆதலால் எங்கள் குப்பியைக் கறுப்புத் தாள் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறோம்.