மணியா, பெல்லாவா? உங்க தெரு நாய்க்குப் பேர் வெச்சாச்சா மக்களே!

நெடுங்காடு கடைத்தெருவில் நின்று "மணீ..." என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். நாயும் திரும்பும், மனுஷனும் திரும்புவார்! காரைக்கால் பக்கம் மட்டுமில்ல, டெல்டா முழுக்க இதே கதைதான். மணி, ஜிம்மி, டாமி, டைகர், ராஜா... எத்தனை தலைமுறை போனாலும் மவுசு குறையாத பேர்கள். 2014-ல் வந்த 'நாய்கள் ஜாக்கிரதை' படத்தில்கூட நாயோட பேர் சுப்பிரமணிதான்.

'இ'-ல முடிஞ்சா என்ன வசதி?

மணி, ஜிம்மி, டாமி... மூணுமே சின்னப் பேர், கடைசியில் 'இ'. வாசல்ல நின்னு தெருக்கோடி வரைக்கும் இழுத்துக் கூப்பிட வசதி. நாய்ப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதுதான்: பேர் சின்னதா இருக்கணும், 'சிட்', 'நோ' மாதிரி கட்டளைகளோட குழம்பக் கூடாது.

இந்த 'இ' மேல ஆஸ்திரேலியாக்காரங்களுக்கும் அம்புட்டு பாசம். அவங்களுக்கு பிரேக்ஃபாஸ்ட் 'பிரெக்கி', பார்பெக்யூ 'பார்பி', கடிக்கிற கொசு 'மாஸி'. செம்பட்டை முடிக்காரரை 'புளூயி'ன்னு கூப்பிடுவாங்க. ஒல்லியா இருக்கிறவரை நாம 'குண்டு'ன்னு கலாய்க்கிற மாதிரி!

உங்க வீட்டு வாண்டு பார்க்கும் 'புளூயி' கார்ட்டூன் 2018-ல் அங்கிருந்து வந்ததுதான். அந்தக் குட்டி 'புளூ ஹீலர்' இனம். மாட்டின் குதிகாலைக் கவ்வி மந்தையை ஓட்டுவதால் 'ஹீலர்'. 'டிங்கோ' என்ற பேர் சிட்னி பகுதிப் பூர்வகுடிகளின் தாருக் மொழியிலிருந்து வந்தது. ஆனா அங்க ஒரு மனுஷனை 'டிங்கோ'ன்னு சொன்னா, கோழைன்னு திட்டுறதா அர்த்தம். உஷார்!

எழுத்து பார்த்துப் பேர் வைக்கும் பிரான்ஸ்

1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரங்க ஊர்ல இன்னொரு கூத்து. அங்கே வம்சாவளிப் பதிவு செய்யும் நாய்களுக்கு வருஷத்துக்கு ஒரு எழுத்து. 2024-ல் பிறந்த குட்டிக்கு 'வி', 2025-ல் பிறந்ததுக்கு 'ஏ'. பேரைக் கேட்டே வயசைச் சொல்லிடலாம். நாமளோ இனத்துக்கே ஊர் பேரை வெச்சவங்க: ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வந்தது.

பேர் இருந்தா என்ன லாபம்?

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான இடங்களில் நாய்க்கு மைக்ரோசிப்பும் உள்ளாட்சிப் பதிவும் கட்டாயம். பெல்லா, சார்லி, லூனா, மேக்ஸ்தான் அங்கே டாப் பேர்கள் என்று தெரிவதே அந்தப் பதிவுகளால்தான். நம்ம தெரு மணியோட பேரோ நம்ம வாயில் மட்டும்தான் இருக்கு.

பிரச்னை அங்கேதான். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் தடுப்பூசியால் தடுத்துவிடலாம். காதில் சின்ன வெட்டு இருந்தால் அந்தத் தெரு நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்தது என்று அடையாளம். அப்போதே ரேபிஸ் ஊசியும் போடுவார்கள். அடுத்தடுத்த வருஷ ஊசியை யார் ஞாபகம் வைப்பது? 'அந்தப் பழுப்பு நாய்'னு சொன்னா, எந்தப் பழுப்பு நாய்? 'மணி'னு சொன்னா தெருவுக்கே தெரியும்.

அதனால உங்க தெரு நாய்க்கு ஒரு பேர் வையுங்க. போட்டோ எடுத்து, ஊசி போட்ட தேதியோட தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுடுங்க. அடுத்த வருஷம் அதே தேதிக்கு மொபைல்ல ரிமைண்டர் வெச்சு, கால்நடை மருத்துவமனையில் கேளுங்க. ஒருவேளை நாய் கடிச்சுட்டா, அது மணியோ டைகரோ, உடனே 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில காயத்தைக் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

சரி, உங்க தெரு நாய் பேர் என்ன மக்களே?