போர் முடிந்தபின் வீட்டில்

சமையலறையில் ஒரு தட்டு கை தவறி விழுகிறது. கணவர் சட்டெனச் சுவரோரம் பதுங்குகிறார். அவருடைய நெஞ்சு படபடக்கிறது, உடல் வியர்க்கிறது. வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உடம்பில் காயம் ஏதும் இல்லை. ஆனால் அவருடைய மூளை இன்னும் காவல் பணியிலிருந்து இறங்கவில்லை.

முதல் உலகப் போரின்போது இத்தகைய நிலையைக் 'குண்டதிர்ச்சி' என்றார்கள். கோழைத்தனம் என்று சொல்லித் தண்டித்த அதிகாரிகளும் இருந்தார்கள். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்' என்னும் பொருள்படும் பெயரில் இதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. வியட்நாமில் பணியாற்றிய ஆண் வீரர்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் இந்நோயுடன் வாழ்ந்து வந்தனர் என்று 1988-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சரி, அவருடைய மனைவி என்ன செய்கிறாள்?

நல்லெண்ணத்தோடுதான் செய்கிறாள். கணவருக்குக் கூட்டம் ஆகாது; ஆகவே கடைக்குத் தானே போகிறாள். பட்டாசுச் சத்தம் ஆகாது. ஆகவே திருவிழா நாள்களில் கதவை அடைத்துவிடுகிறாள். 'அப்பாவிடம் அதைக் கேட்காதே' என்று குழந்தைகளின் வாயையும் மூடுகிறாள். சிறிது சிறிதாக வீடு முழுவதும் நோயைச் சுற்றி வளைந்துவிடுகிறது. இதை 'நோய்க்கு இணங்கிப்போதல்' என்று நாம் சொல்லலாம்.

இதில்தான் சிக்கல். அஞ்சும் இடத்துக்குப் போய், அங்கே ஒன்றும் நேரவில்லை என்று நேரில் கண்டால்தான் மூளை பழைய அச்சத்தைத் தளர்த்தும். போகாமலே இருந்தால் அந்தப் பாடத்தைக் கற்க வாய்ப்பே இல்லை. அன்றைக்கு நிம்மதி கிடைக்கிறது. அச்சமோ அப்படியே நிற்கிறது. மனைவியின் அன்பே நோய்க்குத் துணைபோகிறது என்பது கேட்கவே வருத்தமான செய்திதான். அதற்காக அவளைக் குறைசொல்வது நியாயமில்லை. அவளுக்கு வேறு வழியை யாரும் சொல்லித்தரவில்லையே!

குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவரச் செய்த முயற்சிகள் எடுத்தவுடன் வெற்றி பெறவில்லை. வியட்நாம் வீரர்களிடம் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், தனியாள் சிகிச்சைக்குப் பிறகு குடும்பச் சிகிச்சையையும் சேர்த்தபோது, நோய்க்குறிகளில் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் கிடைக்கவில்லை. உறவை ஒரு புறமும் நோயை ஒரு புறமும் வைத்து மருத்துவம் செய்தது போதவில்லை போலும்.

காண்டிஸ் மான்சன், ஸ்டெபனி பிரெட்மன் ஆகிய உளவியலாளர்கள் வகுத்த முறை இரண்டையும் ஒரே அமர்வில் எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 15 அமர்வுகள். தொடக்கத்தில் நோயின் இயல்பை இருவருக்கும் விளக்கி, கோபம் தலைக்கேறும் முன்பே பேச்சை நிறுத்தி விலகிப் பின்னர் தொடரக் கற்பிக்கிறார்கள். அடுத்து, விட்டுப்போன இடங்களுக்கு இருவரும் சேர்ந்து போகிறார்கள். மனைவி தனியே போய்வந்த அதே கடைக்கு இப்போது கணவரும் வருகிறார். கூட்டத்தின் நடுவே படபடப்பு அடங்கும்வரை நிற்கிறார். கடைசிக் கட்டத்தில், நெஞ்சில் முள்ளாய்த் தைத்த எண்ணங்களை எடுத்துப் பார்க்கிறார்கள். 'நான் ஒரு நொடி முந்தியிருந்தால் நண்பன் பிழைத்திருப்பான்' என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்கலாம். அது உண்மைதானா, அந்த நொடியில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று இருவரும் சேர்ந்து ஆராய்வார்கள். போர்க்களக் காட்சிகளை ஒன்றுவிடாமல் மனைவியிடம் விவரிக்கத் தேவையில்லை.

பாஸ்டனிலும் டொரான்டோவிலும் 40 இணைகளிடம் இதைச் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அனைவரும் படைவீரர்கள் அல்லர். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிட, பெற்றவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ மூன்று மடங்கு தணிந்தன. உறவிலும் அவர்கள் கூடுதல் நிறைவு கண்டார்கள். துணைவர்கள் கொடுத்த மதிப்பீட்டில் மட்டும் அவ்வளவு தெளிவான வேறுபாடு தென்படவில்லை. சோதனை சிறியது என்பதையும் நாம் மறக்கலாகாது.

எல்லா வீட்டுக்கும் இம்முறை பொருந்தாது. கடும் வன்முறை நடந்த இணைகளை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. அடிக்கு அஞ்சும் ஒருத்தியை அடிப்பவர் எதிரே உட்காரவைத்து மனம்திறந்து பேசச் சொன்னால், வீடு திரும்பியதும் அதற்கும் அவள் விலை கொடுக்க நேரலாம். அத்தகைய வீட்டில் முதலில் அவளுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. வீரருக்கான மருத்துவம் தனியே நடக்கவேண்டும்.