அந்தப் பேப்பர் இப்ப எந்த மேசையில் கிடக்கு?

தேத்தண்ணி ஆறுவதற்குள் முக்கியமான விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். வாகரை டீ.எஸ். ஒபிஸில், அதாவது பிரதேச செயலகத்தில், நாம் கொடுக்கும் பேப்பர்களில் சில அங்கேயே முடியும். பல அங்கே முடியவே முடியாது. கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வேறெங்கோ போகும். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் கட்டுமுறிவுக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர் “மறுகா வாங்க” என்ற சொல்லோடு திரும்பிப் போகிறார். பேப்பர் இல்லாத மேசைக்கு முன்னால் நின்று அவர் எவ்வளவு கெஞ்சினாலும் பலனில்லை.

அந்த ஒபிஸின் பெயர்ப்பலகையில் ‘கோறளைப்பற்று வடக்கு’ என்றிருக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கு அந்தலை இது. வெருகல் ஆற்றைத் தாண்டினால் திருகோணமலை. மாங்கேணி, பனிச்சங்கேணி, கதிரவெளி என்று கடற்கரையோடு ஓடும் ஊர்கள் ஒரு பக்கம், குளங்களையும் காடுகளையும் ஒட்டிய உள்ளூர்கள் மறுபக்கம். மட்டக்களப்பு நகரம் இங்கிருந்து அறுபது கிலோமீற்றருக்கும் மேல். அரசாங்கத்தின் கை இவ்வளவு தூரம் நீள வேண்டும் என்றால் நடுவில் ஒரு கந்தோர் வேண்டும்தானே.

மேலே மாவட்டக் கச்சேரி, அரசாங்க அதிபர். கீழே ஊருக்கு ஊர் விதானையார். 1963க்குப் பிறகு அந்த இடத்துக்குக் கிராம சேவகர் வந்தார். பதவிப்பெயர் கிராம உத்தியோகத்தர் என்று மாறிய பிறகும் நம் வாயில் அவர் ‘ஜீ.எஸ்.’தான். நடுவில் 1946 முதல் டீ.ஆர்.ஓ. என்ற காரியாதிகாரி இருந்தார், பின்னர் ஏ.ஜீ.ஏ. என்ற உதவி அரசாங்க அதிபர் வந்தார். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியிடமிருந்த அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளரின் கைக்கு மாற்றியது. அதனால்தான் இன்று பல வேலைகளுக்கு மட்டக்களப்புக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் இந்த வரிசையில் ஒருவரைக்கூட நாம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யவில்லை. எல்லோரும் கொழும்பிலிருந்து இறங்கி வரும் நிர்வாகத்தின் ஆட்கள்.

வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வது பிரதேச சபை. பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். தெரு விளக்கு, குப்பை, சந்தை, உள்ளூர் வீதி, நூலகம் இவையெல்லாம் சபையின் பாடு. வீதி விளக்கு எரியவில்லை என்று டீ.எஸ்.ஸிடம் போனால் அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

இனி பேப்பர்களுக்கு வருவோம். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதி இங்கேயே கிடைக்கும். சுனாமியில் அள்ளுண்டு போனது, 2006 கடைசியில் யுத்தத்துக்குப் பயந்து வாழைச்சேனைப் பக்கம் ஓடும்போது விட்டுவிட்டு வந்தது என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தொலைந்தது உங்கள் கையிலிருந்த பிரதி. பதிவு என்பது வேறு. கணினியில் ஏறிவிட்ட பதிவு என்றால் நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். பிறப்பே பதியாமல் விடுபட்டிருந்தால்தான் காலங்கடந்த பதிவு என்ற நீண்ட வழி.

அடையாள அட்டை அப்படியில்லை. 15 வயது நிரம்பி, பள்ளிக்கூடம் போகாதவரின் படிவத்தில் ஜீ.எஸ். உறுதிப்படுத்துவார், செயலகம் பார்த்து அனுப்பும், அட்டையைத் தருவது ஆட்பதிவுத் திணைக்களம். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் அதே கதைதான். 2023இல் வந்த அந்தத் திட்டத்தில் உத்தியோகத்தர்கள் வீடு வீடாக விபரம் எடுத்தார்கள். யாருக்குக் கிடைக்கும் என்பது 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுத் தீர்மானிக்கப்பட்டது, பட்டியல் நலன்புரி நன்மைகள் சபையுடையது. “என் பெயரைச் சேர்த்துவிடுங்கள் சேர்” என்று கேட்டால் டீ.எஸ்.ஸால் முடியாது. மேன்முறையீட்டை வாங்கிப் பதிய முடியும், அதைத்தான் கேட்க வேண்டும்.

உண்மையான அதிகாரம் உட்கார்ந்திருப்பது காணிக் கிளையில். இந்தப் பக்கத்தில் கணிசமான காணிகள் அரச காணிகள். கையில் இருப்பது உறுதி அல்ல, பெர்மிட். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படும் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். காணியின் நாலு எல்லை, பரப்பு, நிபந்தனைகள், பிறகு பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பின் காணியைப் பெறுபவர், பெயரை எழுத ஓர் இடம். பலருடைய பெர்மிட்டில் மற்றதெல்லாம் நிரம்பியிருக்கும், அந்த இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கும். காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர் எழுதாமல் செத்துப்போனால் என்ன நடக்கும் என்பது தெரியாது.

அப்படி நடந்தால் மனைவிக்கு அவர் உயிரோடிருக்கும் வரை அனுபவிக்கும் உரிமை உண்டு. அதற்குப் பிறகு சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பேசும். அந்த அட்டவணையில் நெடுங்காலம் மகன் முதலில், மகள் அதற்குப் பின்னால். மகன்மாருக்குள் மூத்தவன் முதலில். மட்டக்களப்பில் இது எவ்வளவு தலைகீழான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அப்பா பெர்மிட் காணியில் வீடு கட்டி மகளைக் குடிவைத்திருப்பார், ஊரே அதை அவளுடைய வளவு என்றுதான் சொல்லும். கந்தோரின் புத்தகமோ அண்ணனைக் கூப்பிடும். எத்தனை அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள்! 2022இல் வந்த திருத்தம் ஆண், பெண் என்ற அந்த முந்துரிமையை நீக்கியது. நல்லது. ஆனாலும் சட்டத்துக்கு மூத்த பிள்ளைதான் கண்ணில் படும், வீட்டில் குடியிருக்கும் பிள்ளை அல்ல. ஆகவே தகப்பன் உயிரோடு இருக்கும்போதே காணிக் கிளைக்குப் போய்ப் பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்துவிடுவதுதான் புத்தி. இது வாகரையில் தொடங்க வேண்டிய வேலை.

ஜேர்மனியில் நம் சனம் நிறையப் பேர் இருப்பதால் அங்கத்தைய கந்தோரையும் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே நாட்டுப்புற மாவட்டங்கள் 294. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், பவேரியா போன்ற மாநிலங்களில் அதன் பெயர் ‘லான்ட்ராட்ஸாம்ட்’. வாகன இலக்கத்தகடு, சாரதி அனுமதிப்பத்திரம், வீடு கட்ட அனுமதி, வெளிநாட்டவரின் வதிவிட அனுமதி, சிறுவர் நலன், குப்பை அகற்றல் என்று பலதும் அந்தக் கூரைக்குள் வரும். பவேரியா மாநிலத்தில் அதன் தலைவரை மக்களே 6 வருடத்துக்கு ஒருமுறை நேரடியாக வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வார்கள். மாநில அரசின் கந்தோரும் அதுதான், மாவட்ட மக்களின் கந்தோரும் அதுதான். இங்கே செயலகமும் சபையுமாகப் பிரிந்து கிடப்பது அங்கே ஓரளவுக்கு ஒன்றாக இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களுடைய கடிதத்தின் கடைசிப் பந்தி. ‘இல்லை’ என்று எழுதும்போது, இந்த முடிவை எதிர்த்து எங்கே, எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்பதையும் கீழே எழுதுவார்கள். பொதுவாக ஒரு மாதம். அந்தக் குறிப்பை எழுத மறந்துவிட்டால் தவணை ஒரு வருடமாக நீளும். கந்தோரின் மறதிக்குக் கந்தோரே விலை கொடுக்கிறது. நம் கந்தோர்களில் ‘இல்லை’ பெரும்பாலும் வாயால் வருகிறது. வாயால் வந்த பதிலை எதிர்த்து எங்கே போவது?

அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நம்மவர்கள் இதைப் பயன்படுத்துவது போதாது. உங்கள் கோப்பு எந்தக் கிளையில் இருக்கிறது, எந்தத் திகதியில் எங்கே அனுப்பப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள உதவ வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி தர வேண்டும். அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை.