வெள்ளம் வடிந்தபின் வந்த காய்ச்சல்

பெயரிலேயே ஒரு மரத்தைத் தாங்கி நிற்கும் ஊர் நெல்லியடி. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், சந்தையின் இரைச்சலைக் கடந்து சற்று உள்ளே நடந்தால் தோட்டமும் வயலும் மாட்டுக் கொட்டிலும் அடுத்தடுத்து வரும். மனிதனும் மாடும் இங்கே ஒரே வளவுக்குள் வாழ்கின்றனர். அவ்வாழ்வின் இனிமையை நாம் நன்கறிவோம். அதனுள் மறைந்திருந்த ஆபத்தை 2024ஆம் ஆண்டின் மாரிதான் எமக்குக் காட்டிற்று.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில், பெங்கல் புயலோடு வந்த பெருமழை குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அதனை அடுத்து ஒரு காய்ச்சல் தலைகாட்டிற்று. அது இன்ன காய்ச்சலென்று முதலில் விளங்கவில்லை. டிசம்பர் நடுப்பகுதிக்குள் எழுவர் உயிரிழந்தனர் என்ற செய்தி வந்தது. நெல்லியடியை உள்ளடக்கிய கரவெட்டிப் பகுதியும் அயலிலுள்ள பருத்தித்துறையும் அச்சத்தில் ஆழ்ந்தன. பரிசோதனையில் உண்மை வெளிப்பட்டது. எலிக்காய்ச்சல்!

இரத்தினபுரி, களுத்துறை போன்ற ஈரவலய மாவட்டங்களின் நோயென்றே இதனை நாம் எண்ணியிருந்தோம். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரை இது பீடித்தபோதும், அஃது எங்கோ நடந்த செய்தியாகவே எமக்குப் பட்டது. வறண்ட குடாநாட்டுக்கு இது ஏன் வரப்போகிறது என்ற துணிவுதான்!

சுருள் வடிவான நுண்ணுயிர் ஒன்று எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனாற் பெருந்தீங்கில்லை. சிறுநீரோடு வெளியேறும் அந்நுண்ணுயிர், ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிர்வாழும். மண் காய்ந்தால் மாய்ந்துவிடும். வெள்ளம் அதற்கு எத்துணை வாய்ப்பு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வளைக்குள் நீர் புகுந்ததும் எலிகள் மேட்டை நாடி வீட்டுக்கும் கொட்டிலுக்கும் வருகின்றன. சேற்றில் இறங்கும் உழவனின் காலில் ஒரு சிறு கீறல் இருந்தாற் போதும், நோய் உட்புகுந்துவிடும்.

மாடும் நாயும் இதற்குத் தப்புவதில்லை. சினைப்பசு கன்றை வீசிவிடுவதற்கு இந்நோயும் ஒரு காரணம்; நோயுற்ற பசுவின் சிறுநீரும் நோயைப் பரப்பும். வெறுங்காலோடு கொட்டில் கழுவும் எம் தாய்மார் இதனை அறிந்திருத்தல் நன்று.

எலியைப் பெருக்குவது யார்? நாமேதான். வேலியோரம் எறியும் எச்சிற்சோறும் சந்தைக் கழிவும் அதற்கு விருந்தாகின்றன. எலியைத் தின்னும் சாரைப்பாம்பைக் கண்டாலோ தடியெடுக்கிறோம்! மனிதர், விலங்குகள், சுற்றாடல் ஆகியவற்றின் நலத்தைப் பிரிக்கமுடியாது என உலக சுகாதார நிறுவனம் 'ஒரே சுகாதாரம்' என்ற பெயரில் எடுத்துரைப்பதை எமது வேலியோரத்திலேயே காணலாம்.

கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோவு, கண் சிவத்தல் ஆகியவை இந்நோயின் முதற்குறிகள். தொடக்கத்திலேயே வைத்தியசாலையை அடைந்தால் மருந்துண்டு. பிந்தினால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதுபடலாம். சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாது சொல்லவேண்டும். வயலில் இறங்குவோருக்கென வாரமொருமுறை உட்கொள்ளும் 'டொக்சிசைக்கிளின்' என்ற தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் பெறலாம். கர்ப்பிணிகளும் சிறுவரும் மட்டும் வைத்தியரைக் கேளாது அதனை உட்கொள்ளலாகாது.