பிக்கப் வண்டியின் பின் அச்சும் மிகுபரிவலுவும்

மாட்டுவண்டியின் அச்சு சுழல்வதில்லை. அது பாரத்தைத் தாங்கி அசையாது நிற்கச் சில்லுகளே அதன் முனைகளிற் சுழல்கின்றன. இழுக்கும் வேலை மாட்டினுடையது. மோட்டார் வண்டியின் பின் அச்சோ பாரத்தைத் தாங்குவதோடமையாது, எஞ்சினின் முறுக்கத்தையும் சில்லுகளுக்குக் கொண்டுசேர்த்தல் வேண்டும். இவ்விரு தொழில்களையும் ஒரே தண்டின்மேற் சுமத்துவதா, பிரித்துக் கொடுப்பதா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருளின் உயிர்நிலை.

அமெரிக்க நாட்டிலே பழைய பிக்கப் வண்டியொன்றை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றி, இரண்டு மூன்று மடங்கு வலிய எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவது பலர்க்குப் பொழுதுபோக்கு, சிலர்க்குப் பந்தயம். 1980களின் தொடக்கத்திற் செவர்லே அரைத்தொன் பிக்கப்பின் 350 கன அங்குல எஞ்சின் 200 பரிவலுவுக்குக் குறைவாகவே தந்தது. அத்தகைய வண்டியில் இன்று 500 பரிவலு எஞ்சின் இருத்தல் அரிதன்று. பின் அச்சு மட்டும் பெரும்பாலும் அன்று தொழிற்சாலையிற் பூட்டியதாகவே இருக்கும்.

பரிவலு அச்சை முறித்துவிட்டது என்பது உலகவழக்கு. தண்டை முறிப்பது முறுக்கமே என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் அறிவர். எஞ்சின் 400 அடி-இறாத்தல் முறுக்கம் தருவதாகக் கொள்வோம். தானியங்கிக் கியர்ப்பெட்டியின் முதற் கியர் அதனை 2.48 மடங்காக்கும், அதன் முன்னுள்ள திரவ மாற்றி, வண்டி புறப்படும் வேளையில் ஏறக்குறைய இருமடங்காக்கும், பின் அச்சின் பற்சில்லுகள் 3.73 மடங்காக்கும். பெருக்கினால் ஏறத்தாழ 7,400 அடி-இறாத்தல்! இவ்வளவும் அச்சைச் சென்றடையுமா? அடையாது. வெறும் பிக்கப்பின் பின்சில்லுகளிரண்டின்மேலும் 1,800 இறாத்தல் பாரமே இருப்பதாகவும், ரயரின் உராய்வுக் குணகம் 0.9 எனவும், ஆரை 14 அங்குலம் எனவும் கொண்டால், 1,900 அடி-இறாத்தலை எட்டுமுன்னரே ரயர் வழுக்கிச் சுழலத் தொடங்கிவிடும். ஆகவே சாதாரண ரயர் அச்சுக்கு ஒரு காவலன். பந்தயத்துக்குரிய மெதுரப்பர் ரயரைப் போட்டவுடன் அக்காவல் நீங்குகின்றது. அதன் உராய்வுக் குணகம் ஒன்றைத் தாண்டும். ஒன்றே மேலெல்லை என்றெண்ணும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்க. வண்டி விரைந்து புறப்படுகையிற் பாரமும் பின்னோக்கிச் சாயும். எஞ்சினை மாற்றியபோது முறியாத தண்டு ரயரை மாற்றிய பின்னர் முறிவதன் காரணம் இதுவே.

இனி அத்தண்டு எங்ஙனம் பூட்டப்பட்டிருக்கின்றதென்பதை நோக்குவோம். மேற்கூறிய செவர்லே அச்சிலே ஒவ்வொரு தண்டின் உள்முனையையும் ஆங்கில ‘சி’ எழுத்தைப் போன்ற சிறியதோர் உருக்குப் பூட்டே பற்றிக்கொள்கின்றது. வண்டியின் பாரமும் அதே தண்டின் வெளிமுனையின்மேற் கிடக்கின்றது. தண்டு முறிந்தால் அதனைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. முறிந்த துண்டும் சில்லும் பிரேக் உருளையும் ஒன்றாய் வெளியே கழன்றுபோகும். வேகமாய்ச் செல்லும் வண்டியில் இது உயிராபத்து. அமெரிக்கத் தேசிய ஹொட்ரொட் சங்கம், கால்மைலை 10.99 செக்கனிலோ அதனினும் விரைவாகவோ கடக்கும் வண்டிகளுக்கு வலிய தண்டுகளையும், அவற்றை வெளிமுனையிற் பற்றிக்கொள்ளும் அமைப்பையும் கட்டாயமாக்கியிருப்பது காரணமின்றியன்று.

மாற்றுவோர் பெரிதும் நாடுவது போட் கம்பெனி 1957இல் அறிமுகஞ் செய்து 1986வரை வண்டிகளிற் பூட்டிவந்த ஒன்பதங்குல அச்சை. ஒன்பதங்குலமென்பது அதன் பெரிய பற்சில்லின், அதாவது கராச்சிற் கிரவுன் வீல் எனப்படுவதன், விட்டம். இதிலே தண்டின் வெளிமுனையிலுள்ள போதிகையை ஒரு தட்டு நான்கு மரையாணிகளாற் பிடித்துக்கொள்வதால், உள்ளே தண்டு முறிந்தாலுஞ் சில்லு நிற்கும். சிறு பற்சில்லாகிய பினியன் மூன்று போதிகைகளில் அமர்ந்திருப்பதால் எளிதில் அசையாது. குறையும் உண்டு: பினியன் நடுக்கோட்டிலிருந்து மிகவுந் தாழ்ந்திருப்பதாற் பற்கள் ஒன்றன்மேலொன்று வழுக்குவது அதிகம், உராய்வாற் சிறிது வலு வீணாகின்றது.

தண்டின் தடிப்பைச் சிலர் அற்பமெனக் கருதுவர். முறுக்கத்தைத் தாங்கும் வலிமை விட்டத்தின் கனத்துக்கு விகிதசமன். 31 தவாளிப்புள்ள தண்டின் தடிப்பு ஏறக்குறைய 1.3 அங்குலம், 35 தவாளிப்புள்ளது 1.5 அங்குலம். வேறுபாடு அங்குலத்தில் ஐந்திலொன்றே. வலிமையோ ஒன்றரை மடங்கு.

பாரவண்டிகளுக்கென ஜெனரல் மோட்டோர்ஸ் 1973 முதல் வழங்கிய பதினான்கு மரையாணி அச்சு வேறு வகையினது. அதன் பற்சில்லு 10.5 அங்குலம். அங்கே பாரத்தைத் தாங்குவது வெளியிலுள்ள குழாய். தண்டு உள்ளே மிதந்து நின்று முறுக்கத்தை மட்டும் கடத்துகின்றது. நம் மாட்டுவண்டியின் அச்சே குழாயாகி, அதனூடே ஒரு தண்டு ஓடுவதாகக் கொள்ளலாம். தண்டை உருவி வெளியே எடுத்தாலும் வண்டி நான்கு சில்லிலும் நிற்கும். எமக்கு இதுவே சிறந்ததெனத் தோன்றுகின்றது; ஆயினும் இது மிகக் கனமானது, சில்லுக்கு எட்டு மரையாணி கொண்டது. ஆதலால் அரைத்தொன் வண்டிக்காரர் சில்லுகளையும் மாற்ற நேரும்.

வலிய அச்சு வந்தபின் குற்றம் வேறிடத்திற் தோன்றும். பிக்கப்பின் தகட்டு வில்கள் முறுக்கத்தால் வளைந்து நெளிய, அச்சே சுழல முயன்று பின்னர் மீளும். ரயர் தரையிற் துள்ளும். துள்ளி வீழும் ஒவ்வொரு முறையும் அச்சுக்குச் சம்மட்டியடி. அச்சையும் வண்டிச்சட்டத்தையும் இணைக்கும் உருக்குச் சலாகை இதனைத் தடுக்கும். இதனைப் பூட்டாது தண்டுக்கு மட்டும் பணஞ் செலவிடுவோர் பலர்.

பற்சில்லுகளைப் பொருத்துவது பழகிய கைக்குரிய வேலை. பற்களுக்கிடையே விடும் இடைவெளி பொதுவாக அங்குலத்தின் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு. பற்களிற் சாயம் பூசிச் சுழற்றி, அவை பொருந்துமிடத்தைக் கண்டு திருத்துவர். பின்னர் முதற் சில நூறு மைல்கள் மெதுவாக ஓட்டி, இடையிடையே ஆறவிட்டு, உலோகத்துகள் படிந்த எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றுவர்.