நாசிவழி மருந்து: உடலியலும் உடைமையும்

மூளை நோய்களுக்கான மருந்து பற்றிய ஆராய்ச்சியில் முதலில் எழும் வினா மருந்தின் ஆற்றல் பற்றியதன்று. அது மூளையைச் சென்றடைகின்றதா என்பதே. 1885இல் ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் விலங்குகளின் குருதியிற் சாயத்தைச் செலுத்தியபோது ஏனைய உறுப்புக்கள் நிறம்பெற, மூளை நிறம்பெறாது நின்றது. மூளை இழையத்துக்குச் சாயத்தை ஏற்கும் இயல்பில்லை என அவர் விளக்கினார். அவருடைய மாணாக்கர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்துள்ள பாய்மத்திற் செலுத்தினார். இம்முறை மூளை நிறம்பெற்றது. ஏனைய உறுப்புக்கள் பெறவில்லை. காரணம் இழையத்தின் இயல்பன்று, இடையில் நிற்கும் தடையே என்பது இதனாற் புலனாயிற்று. மூளையின் நுண்குருதிக் குழாய்ச் சுவர்க் கலங்களின் இறுகிய பிணைப்பே அத்தடை என்பதை 1967இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டியது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் அதனைக் கடப்பது மிக அரிது.

இத்தடையைச் சுற்றிச் செல்லும் வழியாகவே நாசி இன்று நோக்கப்படுகின்றது. மூக்குக்குழியின் கூரையிலுள்ள மணநரம்புகள் சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகளூடாக நேரே மூளையின் மணக்குமிழை அடைகின்றன. ஆயின் ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். நாசியில் இட்ட மருந்து நரம்பை ஒட்டி மூளைக்குச் செல்லலாம். மென்சவ்வினூடாகக் குருதிக்கும் செல்லலாம். பின்னையதே மனிதரில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட வழி. முன்னையதன் பேரிலேயே எதிர்பார்ப்புக்கள் வளர்க்கப்படுகின்றன.

(சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் நசியம் என்னும் முறை உண்டு என்பதையும், நாசியைத் தலையின் வாயிலாக ஆயுர்வேதம் கருதியமையையும் காட்டி, எல்லாம் எம்முன்னோர் அறிந்தவையே எனப் பெருமிதங்கொள்வோர் எம்மிடையே உளர். அனுபவ அறிவு மதிக்கத்தக்கதே. எனினும் வாயில் உண்டு என்பது வேறு. அதனூடு எது, எவ்வளவு செல்கின்றது என்பது வேறு.)

இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாமையால் நேர்ந்த விளைவொன்று இன்று பெரிதும் மறக்கப்பட்டுள்ளது. இளம்பிள்ளை வாதக் கிருமி மணநரம்பின் வழியே மூளையை அடைகின்றது என்பது 1930களில் சைமன் பிளெக்ஸ்னர் முதலாய அமெரிக்க அறிஞரின் உறுதியான கொள்கை. றீசஸ் குரங்குகளே அதற்குச் சான்று. குரங்கின் மூளையிலிருந்து மற்றொரு குரங்கின் மூளைக்கு மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டமையால் அக்கிருமி நரம்பிழையத்தில் மட்டுமே வளரும் இயல்பைப் பெற்றிருந்தது. அக்குரங்கினமோ வாய்வழியாக இலகுவில் தொற்றுக்குள்ளாவதில்லை. ஆய்வுகூடம் தான் உண்டாக்கிய ஒன்றையே இயற்கையின் விதியெனக் கண்டது. 1937இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நோய் பரவியபோது, ரொறன்ரோ நகரில் ஏறத்தாழ 5000 சிறுவரின் மூக்கினுள் நாக சல்பேற்றுக் கரைசல் தெளிக்கப்பட்டது. வாயிலை அடைத்துவிட்டாற் கிருமி நுழையாது என்பது எதிர்பார்ப்பு. நோய் தடுக்கப்படவில்லை. சிறுவர் சிலர் மணவுணர்வை நிரந்தரமாக இழந்தனர். 1941 அளவில் அல்பேர்ட் சபின் முதலியோர் நோயால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, கிருமி உணவுக்கால்வாயில் இருப்பதையும் மணக்குமிழில் இல்லாமையையும் காட்டினர். அம்மருத்துவர்களைக் குறைகூறுவது எளிது. கொள்ளைநோயின் நடுவே பெற்றோர் கொண்டிருந்த அச்சத்தை எண்ணின் அவ்வாறு கூற மனம் ஒப்பாது. ஆயினும் குரங்கிலிருந்து குழந்தைக்குத் தாவிய அவசரம் அவசரமே.

இன்றோ குரங்கின் இடத்தை எலி பிடித்துள்ளது. எலியின் மூக்குக்குழிப் பரப்பில் ஏறத்தாழ அரைப்பங்கு மணப்புலனுக்குரியது. மனிதரில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு அல்லது அதனினுங் குறைவு. அதுவும் உச்சியில், ஒடுங்கிய பிளவொன்றினுள். நாசிவழியே மூளைக்கு மருந்து செலுத்தும் முறைக்கு ஐக்கிய அமெரிக்காவில் வில்லியம் ஃப்ரே 1989இல் ஆக்கவுரிமை கோரினார். இவ்வழியிற் பெருநம்பிக்கை ஊட்டியது இன்சுலின். நினைவாற்றல் குறையத் தொடங்கியோரையும் அல்ஸைமர் நோயினரையும் கொண்டு நடத்தப்பட்ட பரிசோதனையொன்றின் முடிவு 2020இல் வெளியாயிற்று. பங்குகொண்டோர் 289 பேர். முதல் 49 பேருக்கு அளித்த தெளிப்புக் கருவி சீராக இயங்காமையால் எஞ்சிய 240 பேருக்கு வேறொரு கருவி வழங்கப்பட்டது. பிரதான கணிப்புக்குரிய அந்த 240 பேரிடம் பன்னிரண்டு மாத இன்சுலின் பயனளிக்கவில்லை. தோற்றது மருந்தா, வழியா? அப்பரிசோதனையைக் கொண்டு இதற்கு விடை கூறவியலாது.

நிறுவப்பட்ட குருதிவழியிற் பிரச்சினை வேறு வடிவங்கொள்கின்றது. கெற்றமின் என்னும் மயக்கமருந்து 1962இல் ஆக்கப்பட்டது. அதன் ஆக்கவுரிமை என்றோ காலாவதியாயிற்று, விலையோ மலிவு. அது கடும் மனச்சோர்வை விரைந்து தணிக்கக்கூடும் என 2000இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் அறிவித்தனர். ஆயின் எவருக்கும் தனியுடைமையாகாத பண்டத்திற் பெருமூலதனம் நாட்டங்கொள்வதில்லை. கெற்றமின், ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பம் போன்ற இருவகை மூலக்கூறுகளின் கலவை. அவற்றுள் ஒருவகையைப் பிரித்தெடுத்து, நாசித் தெளிப்பானில் அடைத்து, ஜோன்சன் அன் ஜோன்சன் குழுமம் 2019இல் அமெரிக்க அனுமதியைப் பெற்றது. ஒருமுறைச் சிகிச்சைக்கான மருந்தின் பட்டியல் விலை அப்போது 590 முதல் 885 டொலர் வரை. பழைய மருந்து நாசியினூடாகச் சந்தைக்கு மீண்டும் புதிதாக வந்தது. நோயாளர் சிலர் அதனாற் பயன்பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மருந்துகளை மதிப்பிடும் இங்கிலாந்தின் அரச நிறுவனமாகிய நைஸ், சான்றுகளின் உறுதியின்மையையும் செலவையும் காரணங்காட்டி, 2022 டிசெம்பரில் அதனைத் தேசிய சுகாதார சேவைக்குப் பரிந்துரைக்க மறுத்தது. ஸ்கொட்லாந்தின் நிறுவனமோ 2020இலேயே அதே தெளிப்பானை ஏற்றுக்கொண்டிருந்தது.