அச்சும் ஒலியும்: பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தின் பாடல்களைக் கேட்டல் பற்றிச் சில குறிப்புகள்

பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் பற்றி நம்மிடையே எழுதப்பட்ட கட்டுரைகளுட் பெரும்பாலானவை அவரது பாடற்றொகுப்பை மட்டுமே ஆதாரமாகக் கொண்டவை. உழவர், தொழிலாளர், பெண்கள், சிறுவர் எனத் தலைப்பிட்டு, ஒவ்வொரு தலைப்பின் கீழும் பொருத்தமான அடிகளை நிரல்படுத்தி, இறுதியிற் கவிஞர் ஒரு பொதுவுடைமைவாதி என நிறுவுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரையாளனும் அதற்கு விலக்கல்லன். கலாநிதிப் பட்டத்துக்காக நான் சமர்ப்பித்த ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் முற்றாக இவ்வாறே அமைந்தது. அதில் ஓர் அட்டவணையும் உண்டு. ஆய்வேட்டை நூலாக்க முற்பட்டபோதுதான், நான் வகைப்படுத்திய பாடல்களிற் பலவற்றை ஒரு முறையேனும் முழுமையாகக் கேட்டதில்லை என்பது உறைத்தது.

எனவே, தொகுப்பை மூடி வைத்துவிட்டு, ஏறத்தாழ ஆறு மாதங்கள் அப்பாடல்களைக் கேட்பதையே வேலையாகக் கொண்டேன். எண்பதுகளில் என் தந்தையார் வானொலியிலிருந்து பதிந்துவைத்த இரு ஒலிநாடாக்களும், பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுக்கப்பட்ட பிரதிகளும் கைவசம் இருந்தன. படங்கள் வெளிவந்த ஆண்டு வரிசையில், ஒவ்வொரு பாடலையும் குறைந்தது மும்முறை கேட்டேன். படம் வெளிவந்த வரிசை பாடல் எழுதப்பட்ட வரிசையாகாது என்பது உண்மையே. ஆயினும் 1930 இற் செங்கப்படுத்தான்காட்டிற் பிறந்து 1959 ஒக்டோபரில் இருபத்தொன்பதாவது வயதில் மறைந்த ஒருவரின் திரைப்பாடல்கள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுள் அடங்கிவிடுவதால், இவ்வரிசை பெரிதும் பிழைத்துவிடாது.

முதலில் என்னை நிறுத்தியது 'புதையல்' (1957) படத்தில் பி. சுசீலா பாடும் கைத்தறிப் பாடல். ஆய்வேட்டில் இதனை 'நெசவாளர்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வாக்கியத்திற் கடந்து சென்றிருந்தேன். வாசிக்கும்போது இரட்டித்து வரும் சொற்கள் வெறும் ஓசை நயமாகவே தோன்றின. கேட்கும்போது அவை தறியின் இயக்கமாகின்றன. ஒரே அளவான சிறுசொற்கள் முன்னும் பின்னுமாக ஓட, நீண்ட சொல் ஒன்று வந்து அவற்றை அடித்து இறுக்குகிறது. நாடா ஓடுவதும் அச்சு வந்து இடிப்பதும் அதுதான். நெசவைப் பற்றிய பாடல் என்பதிலும் பார்க்க, நெசவின் உழைப்புச் சந்தத்தைத் தன் யாப்பாகக் கொண்ட பாடல் என்பதே பொருந்தும். நாட்டார் தொழிற்பாடல்களில் உடலுழைப்பே தாளத்தைத் தருகிறது. கலையகத்தில், விஸ்வநாதன் - இராமமூர்த்தியின் வாத்தியக் குழுவோடு, மூன்று நிமிடச் சொச்சத்துள் ஒலிப்பதிவு செய்யப்படும் பாட்டில் அந்தத் தாளத்தை மீட்டுக்கொண்டமை சாதாரணமானதன்று. உள்ளடக்கத்தைத் தேடி உருவத்தைக் கைவிடும் விமர்சனத்துக்கு இது அகப்படாது. அத்தகைய விமர்சனம் மார்க்சியமுமாகாது என்பது வேறு விடயம்.

ஆலைத் தொழிலாளர் வாழ்வைத் தொடும் 'இரும்புத்திரை' (1960) படத்தில் திருச்சி லோகநாதன் பாடும் சம்பளப் பாட்டு இன்னொரு வகையில் என்னைத் திருத்தியது. கையில் வாங்கிய கூலி பைக்குள் போகுமுன்னரே காணாமற் போவதைக் கூறும் இப்பாடலை, சுரண்டல் பற்றிய முறையீடாகவே நான் வகைப்படுத்தியிருந்தேன். ஒலித்தட்டில் முறையீட்டுத் தொனியே இல்லை. லோகநாதனின் குரல் சிரிக்கிறது. திரையில் வாயசைப்பவரும் நகைச்சுவை நடிகர் தங்கவேலு. கூலி வாங்கியவன் தன் ஏமாற்றத்தைத் தானே எள்ளி நகையாடும்போது, சம்பள நாளை அறிந்த எவரும் அச்சிரிப்பிற் கலந்துகொள்வர். இரக்கத்தை வேண்டாத தொழிலாளி ஒருவன் அங்கே பேசுகிறான்.

மிகவும் சிக்கலானது 'நாடோடி மன்னன்' (1958) படத்தின் உழவர் பாடல். எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் டி. எம். சௌந்தரராஜனும் பி. பானுமதியும் பாடுகின்றனர். ஆண்குரல் தரிசு நிலம் விளைநிலமான கதையைப் பெருமிதத்தோடு சொல்கிறது. பெண்குரல் குறுக்கிட்டு, விளைந்தது இருக்கட்டும், நமக்கு எஞ்சியது என்ன என்று கணக்குக் கேட்கிறது. காலம் வரும் என்கிறான் அவன். அவள் மீண்டும், உழைத்தவர் வயிறு காய்வதை எடுத்துரைக்கிறாள். இறுதியில், பொதுநலத்துக்கான சட்டத்தைத் தானே இயற்றப்போவதாக ஆண்குரல் அறிவிக்கிறது.

அச்சில் இதனை வினாவும் விடையுமாக, முரண்பாடும் அதன் தீர்வுமாக வாசித்தேன். ஒலியிலோ 'நான்' என்னும் அந்தத் தன்மை ஒருமையை எவ்விதத்தும் உழவனுடையதாகக் கேட்க இயலவில்லை. சௌந்தரராஜனின் குரல் அக்காலத்திலேயே எம்.ஜி.ஆரின் குரலாகச் சனங்களின் செவியிற் பதிந்துகொண்டிருந்தது. அப்படத்தைத் தயாரித்து இயக்கியவரும் அவரே. உற்பத்தி உறவுகள் பற்றிய ஒரு பெண்ணின் கேள்விக்கு, சட்டம் இயற்றவல்ல தலைவனொருவனின் வாக்குறுதி விடையாக வைக்கப்படுகிறது. 1977 இல் அந்நடிகர் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார் என்பதை அறிந்த நமக்கு அவ்வரி வேறுவிதமாக ஒலிப்பதில் வியப்பில்லை. தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் எழுதியது இங்கு மனங்கொள்ளத்தக்கது. சாதி வேறுபாடின்றித் தமிழர் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகை என்பார் அவர். அக்கூரையின் கீழேயே, கவிஞனின் 'நான்' நட்சத்திரத்தின் 'நான்' ஆகவும் மாறியது. எனினும், பானுமதியின் கேள்வி அவ்விடையால் அடங்கிவிட்டதாக எனக்குப் படவில்லை. உரத்த, உறுதியான குரல் அது. பாட்டு முடிந்த பின்னரும் நினைவில் நிற்பது அவளுடைய பல்லவியே.

காதற் பாடல்களை ஆய்வேட்டில் நான் சேர்க்கவேயில்லை. 'கல்யாணப் பரிசு' (1959) பாடல்கள் அனைத்தும் கலியாணசுந்தரத்தினுடையவை, ஏ. எம். ராஜா இசையமைத்தவை. சைக்கிளிற் செல்லும் கல்லூரி மாணவரின் மொழியை இவ்வளவு இலகுவாக எழுதியவரை 'உழைக்கும் மக்கள் கவிஞர்' என்னும் ஒரே சட்டகத்துள் அடைத்ததில் அவருக்கு நட்டமில்லை, எனக்குத்தான்.

இப்பாடல்கள் எமது நாட்டில் வேரூன்றியதற்கு வானொலியே காரணம். 1952 இன் பின் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அவற்றை ஒலிபரப்பியது. தென்னிந்தியரும் கொழும்பை நோக்கிச் செவிசாய்த்தனர். அந்த மரபின் எச்சந்தான் என் தந்தையாரின் ஒலிநாடா.

அதில் 'அரசிளங்குமரி' (1961) படத்துக்காகக் கவிஞர் எழுதிய பாடலும் உண்டு. ஒரு சிறுவனுக்குச் சொல்வதாக அமைந்தது. அவர் மறைந்த பின் வெளிவந்தது. அதே சௌந்தரராஜன், அதே நடிகர். ஆனால் குரல் தணிந்திருக்கிறது. தனியுடைமை இங்கே பெயர் சுட்டிச் சாடப்படுகிறது. எல்லாம் தாமாக மாறிவிடும் என்ற நம்பிக்கை பொய்யென மறுக்கப்படுகிறது. முந்திய பாட்டில் காலம் வரும் என்று ஆறுதல் கூறிய அதே குரல் இதைச் சொல்கிறது. செய்யவேண்டியவன் முன்னிலையில் நிற்கும் சிறுவன். சட்டம் இயற்றும் 'நான்' இப்பாட்டில் இல்லை. ஆய்வேட்டு அட்டவணையில் இப்பாடல் 'சிறுவர்' என்ற நிரலில் இருந்தது. நூலிலிருந்து அந்த அட்டவணையை நீக்கிவிட்டேன்.